மைதீன் பாயும் இரண்டு சுப்பையாக்களும்

மைதீன் பாய் போய்விட்டார். இன்று காலை, செம்பூரில் மகன் வீட்டில்... எண்பத்தேழு வயது.

இங்கே என் நண்பர்களில் யாருக்கும் அவரைத் தெரியாது. என் முதல் வேலையில் என்னோடு இருந்தவர்.

அறுபதுகளின் கடைசி. மாதுங்காவில் ஓர் உடுப்பி ஹோட்டலுக்கு மேலே இரண்டே அறையில் ஒரு கண்தானச் சங்கம். இறந்தவர்களின் கண்ணை வாங்கி, நேரத்துக்குள் ஆஸ்பத்திரியில் சேர்ப்பதுதான் வேலை.

நான் டைப்பிஸ்ட். டெலிபோனும் நானே. ஒரு டாக்டர் சம்பளம் வாங்காமல் வந்துபோவார். ஊருக்குள் போய் ஆட்களிடம் பேசி, ஃபாரத்தில் கையெழுத்து வாங்கி வருவது மைதீன் பாய்.

திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். தாராவியில் தோல்பை தைக்கும் பட்டறை வைத்திருந்தார். அங்கே வேலை செய்த ஒருவருக்கு ஊசி பட்டுக் கண் போய், யாரோ கொடுத்துவிட்டுப்போன கண்ணால் பார்வை திரும்பியதாம். அன்றைக்கு இவரைப் பிடித்துக்கொண்டது... காலையில் பட்டறை, மத்தியானத்துக்கு மேல் சங்கம்.

பேச்சில் கெட்டிக்காரர் என்றுதான் அவரைச் சேர்த்துக்கொண்டார்கள். அது பாதிதான் உண்மை.

ஒருமுறை தேவ்நாரில் கூட்டம், பாயோடு நானும் போயிருந்தேன். ஒரு பெரியவர் எழுந்தார். "கண்ணைக் குடுத்துட்டா அடுத்த பிறப்புல குருடாப் பொறப்போம்னு சொல்லுதாவளே பாய்?"

பாய் அசரவில்லை. "அப்படிப் பாத்தா, திருச்செந்தூர்ல மொட்டை போட்டவன்லாம் மொட்டையாவா பொறக்கான்?"

பெரியவர் கொஞ்சம் யோசித்தார். "ஆமா பாய், மொட்டையாத்தான பொறக்கான்."

கூட்டம் முழுக்கச் சிரித்தது. ஆனால் அன்றைக்கு முதல் கையெழுத்து அந்தப் பெரியவர் போட்டதுதான்... ஜெயித்த சந்தோஷமோ என்னவோ.

பஸ்ஸில் திரும்பும்போது சுனாபட்டி தாண்டியதும் பாய் என் பக்கம் திரும்பினார். பிறகு மெதுவாக, "தங்கச்சி, அந்த ஆளு சொன்னது சரிதான்லா" என்றார்.

அப்புறம் சுப்பையா கதை.

ஒரு நாள் மத்தியானம் தாராவி மருந்துக் கடையிலிருந்து போன். சுப்பையா அண்ணாச்சி இறந்துவிட்டார், உங்கள் ஃபாரத்தில் கையெழுத்துப் போட்டவர், உடனே வாருங்கள் என்று.

ஆறு மணி நேரத்துக்குள் எடுத்தால்தான் கண் உபயோகப்படும். டாக்டர், நான், ஐஸ் ஃப்ளாஸ்க்கோடு பாய்... டாக்ஸி பிடித்து ஓடினோம்.

கதவைத் திறந்தவர் சுப்பையா அண்ணாச்சி. கையில் டீ கிளாஸ்.

டாக்டரைப் பார்த்தார். ஃப்ளாஸ்க்கைப் பார்த்தார். கடைசியாக மைதீன் பாயைப் பார்த்தார்.

"என்ன பாய், நான் இன்னும் இருக்கம்லா?"

"இருங்க அண்ணாச்சி, இருங்க. எங்களுக்கு ஒண்ணும் அவசரமில்ல."

இறந்தது இரண்டு வீடு தள்ளி இருந்த இன்னொரு சுப்பையா. தையல்காரர். மருந்துக் கடையில் பெயரைக் குழப்பிவிட்டார்கள். தையல்கார சுப்பையா எங்கள் ஃபாரத்தைக் கண்ணால்கூடப் பார்த்ததில்லை.

"கிளம்பலாம்" என்றார் டாக்டர். பாய் நகரவில்லை. வீட்டுக்காரி சம்மதித்தால் போதும் என்று அவருக்குத் தெரியும். அந்த வீட்டு வாசல் வரைக்கும் போனார். உள்ளே அந்தப் பெண் உட்கார்ந்திருந்த கோலத்தைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டார்... கூட்டம் கூட்டமாகப் போய்ப் பேசிய மனுஷன் ஃப்ளாஸ்க்கை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார்.

பின்னால் சட்டையை மாட்டிக்கொண்டு வந்தவர் உயிரோடிருந்த சுப்பையா அண்ணாச்சி.

"செல்லத்தாயி, இவங்க என்னையத் தேடி வந்தவங்க. நான் சாகாததுனால வெறுங்கையாப் போறாங்க. ஒன் வீட்டுக்காரரு கண்ணு ரெண்டு பேருக்கு ஆவும்னு சொல்லுதாங்க. ஒனக்கு மனசு உண்டுமா?"

அவள் கணவரின் முகத்தைப் பார்த்தாள். "முகம் கெட்டுப்போவுமா?" என்று மட்டும் கேட்டாள். இல்லை என்றார் டாக்டர்.

தலையசைத்தாள். விரலை மையில் தொட்டு ஃபாரத்தில் வைத்தாள்.

எல்லாம் முடிந்து கிளம்பும்போது கூப்பிட்டாள். கையில் கணவரின் மூக்குக்கண்ணாடி. "இதையும் கொண்டுபோங்க. இது இல்லாம அவருக்கு ஊசியில நூல் கோக்க வராது."

டாக்டர் விளக்கம் சொல்ல வாயெடுத்தார். பாய் அவர் காலை ஓங்கி மிதித்துவிட்டு, கண்ணாடியை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். "சேத்தே குடுத்துருதேன் தாயி."

டாக்ஸியில் பாய் அழுதுகொண்டே வந்தார். டாக்டர் காலைத் தடவிக்கொண்டே வந்தார்.

இரண்டில் ஒரு கண் பொருத்தியும் சேரவில்லை. இன்னொன்று செம்பூரில் ஒரு பெண்ணுக்குச் சேர்ந்தது. கட்டுப் பிரிக்கும் அன்று பாய்தான் நேர் எதிரே போய் நின்றார்.

அந்தப் பெண் கண்ணைச் சுருக்கிச் சுருக்கிப் பார்த்தாள். "அண்ணே, ஒங்க தாடி ஒரு பக்கம் கோணலா இருக்கு."

டாக்டருக்கு ஆனந்தம். பாய் கண்ணாடியைக் கொடுத்துவிட்டு நேராக சலூனுக்குப் போனார். கண்ணாடி அவளுக்குப் பொருந்தவில்லை. ஆனாலும் வாங்கி வைத்துக்கொண்டாள்.

காலையில் பாயின் மகன் போன் செய்தான். "ஆன்ட்டி, வாப்பா பீரோவுல அவர் பேர்லயே ஏழு ஃபாரம் இருக்கு. யாராச்சும் தயங்கினா, முதல்ல தான் ஒண்ணுல கையெழுத்துப் போட்டுக் காட்டுவாராமே? கண்ணு எடுக்க வந்தவங்க எது ஒரிஜினல்னு கேக்கறாங்க. க்யா போலூ, என்ன சொல்லட்டும்?"

"ஏழும்தான்" என்றேன்.

பதினொரு மணிக்குக் கண்ணை எடுத்துக்கொண்டு போனார்களாம். சாயங்கால அஸர் தொழுகைக்குப் பிறகு அடக்கம். முட்டி வலியோடு நானும் போய் வாசலில் நின்றுவிட்டு வந்தேன்.

நல்லபடியாப் போய்ச் சேருங்க பாய்...