அடையாறு பாலத்தில் இரண்டாம் கியர்

அடையாறு பாலத்தின் ஏற்றத்தில் பழைய பிக்கப் லாரி திணறுகிறது. யுத்த காலம், வேறு வண்டி அகப்படவில்லை. பின்தட்டில் ஜுரம் முற்றிய என் மனைவி முனகுகிறாள். மயிலாப்பூர் ஆஸ்பத்திரிக்குப் போயாக வேண்டும். டிரைவர் குப்புசாமி இரண்டாம் கியருக்கு இறக்கப் பார்க்கிறான். முப்பது வருஷம் லைசென்ஸ் பரீட்சை நடத்தியவன் நான், சும்மா இருப்பேனா?

"கிளட்ச்சை மிதி. நியூட்ரலுக்கு வா. காலை எடுத்து ஆக்ஸிலேட்டர் கொடு. மறுபடி மிதி."

"சார், இஞ்சின் சத்தத்தக் கேட்டுத்தான் கியர் போடணும். நீங்க பேசிக்கினே இருந்தா எனக்கு இன்னா கேக்கும்?"

"அதுதானப்பா முறை!"

பற்சக்கரங்கள் நறநறவென்று கடிக்கின்றன. முறையில் குறையில்லை; கியர்தான் விழவில்லை. இஞ்சின் நின்றுவிடுகிறது. குப்புசாமி இறங்கி, இஞ்சினைக் கிளப்ப முன்பக்கத்தில் ஹாண்டிலைச் செருகிச் சுற்றுகிறான், சுற்றிக்கொண்டே இருக்கிறான்.

நான் பின்பக்கம் காதைத் திருப்புகிறேன். பின்தட்டிலிருந்து ஒரு முனகலாவது வருமா என்று கேட்டுக்கொண்டிருக்கிறேன்.