அலையில்லாத இடம்

மூன்றாம் வகுப்போடு தேயிலைத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். கொட்டாஞ்சேனையில் மூட்டை தூக்கி, பிறகு ஒருகொடவத்தையில் சொந்தமாக ஏழு லொறி நிறுத்தியவனும் நான்தான். எனக்குத் தராசு வேண்டாம். டயர் பிதுங்குவதைப் பார்த்தே பாரம் சொல்லிவிடுவேன். படித்தவன் எவனாவது சொல்லட்டும் பார்ப்போம்.

வெள்ளவத்தையில் கடலைப் பார்த்த வீடு. பதினெட்டு வருடமாக என் மனைவி அந்தக் கடலை பல்கனியில் நின்று பார்த்தாளே தவிர, கால் நனைத்ததில்லை. "ஒரு தரமாவது முழங்கால் மட்டும் எறங்கணுங்க" என்பாள். அதற்காகவே போன வருடம் தெற்கே ஒரு மீன்பிடிக் கிராமத்துக்கு அவளைக் கூட்டிப் போனேன். வேனை நானே ஓட்டினேன், இந்த வயதிலும்.

கலண்டர் படம் மாதிரி ஊர். சாய்ந்த தென்னைகள், நீலமும் மஞ்சளுமாகப் படகுகள். கரை நெடுக அலை வெள்ளையாக உடைந்துகொண்டிருந்தது. ஓரிடத்தில் மட்டும் தண்ணீர் எண்ணெய் ஊற்றியதுபோல் கிடந்தது. எங்கள் வீட்டுக்கு முன்னால் கல்லுகளுக்கு நடுவே இப்படிக் கிடக்கிற தண்ணீரில்தான் பிள்ளைகள் குளிக்கும்.

"இதுதான் உனக்குத் தோதான எடம்" என்றேன்.

வலையின் கிழிசல் பார்த்துக்கொண்டிருந்த ஒருவர் நிமிர்ந்தார். "மாத்தயா, அங்க எறங்க வேணாம்" என்றார் சிங்களத்தில், மரியாதையாக.

"நாங்க கடலுக்கு முன்னாலதான் குடியிருக்கோம், மல்லி" என்றேன், தம்பி முறை வைத்து, அவர் பாஷையிலேயே.

அவள் சேலையைத் தூக்கிப் பிடித்து இறங்கினாள். முழங்கால் நனைந்ததும் திரும்பிச் சிரித்தாள். மறுநொடி இடுப்பு. அடுத்தது தலை மட்டும்தான் தெரிந்தது. கடல் சத்தமே இல்லாமல் அவளைக் கொண்டுபோனது. "என்னங்க" என்றாள். அதுகூட உரக்க இல்லை.

வலைக்காரர் மிதவையோடு பாய்ந்தார். அவளைப் பிடித்தவர், நேரே கரைக்கு வராமல் பக்கவாட்டில் போனார். ஐயோ, எங்கே கொண்டுபோகிறான் என்று பதறினேன். அலை உடையும் இடம் வந்ததும் அந்த அலையே இரண்டு பேரையும் கரையில் தள்ளியது.

"வாற தண்ணி எல்லாம் அந்த அலையில்லாத எடத்தாலதான் திரும்பிப் போகும். இங்க கைக்குழந்தைக்கும் தெரியும்" என்றார் மூச்சு வாங்க. "மாத்தயா வீட்டுக் கடல் வேற சாதியோ?"

அவர் மனைவி பிளேன்டீ கொண்டுவந்தார். என்னவள் பல் கிடுகிடுக்கக் குடித்து முடித்து, அந்தப் பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டு எழும்பினாள்.

"இன்னொரு தரம் போறேன். இவங்க காட்டுற எடத்துல."

"பைத்தியமா ஒனக்கு?"

"பாரம் பாக்க நீங்க. தண்ணி பாக்க இவங்க."

அலை வெள்ளையாக உடைகிற இடத்திலேயே போய் நின்றாள். நான் மணலிலேயே இருந்தேன். அவள் முகத்தைப் பார்க்கத் துணிவில்லை. முழங்காலையே பார்த்துக்கொண்டிருந்தேன். தண்ணீர் அதற்கு மேல் ஏறவில்லை.