புஷ்பமேரி அழிக்காத குரல்

வண்டன்மேட்டுப் பக்கம் ஓர் ஏலக்காய்த் தோட்டத்தில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயா புஷ்பமேரி. ஆபீஸ்காரர்கள் அவளை வாயாடி என்பார்கள். வாய் இல்லாமல் எங்கள் தோட்டத்தில் பிழைத்தவர் யாராவது உண்டா? நான் அங்கே காய் எடுக்கிறவள். என் மகள் ஆன்மேரி பள்ளிக்கூடம் விட்டதும் அவளிடம்தான் போவாள்.

பிள்ளைகள் ஓயாமல் கோள் சொல்வதைக் கேட்டுக் காது புளித்துப்போன புஷ்பமேரி, கீறல் விழுந்த பழைய போன் ஒன்றை அவர்கள் கையில் கொடுத்தாள். அடுத்தவர் செய்த நல்லதைப் பார்த்தால் அதில் பேசிப் பதிய வேண்டும். தன்னைப் பற்றிச் சொல்லக் கூடாது. அந்தக் குரல் எங்கள் வாட்ஸ்அப் குழுவுக்கு வரும். சாயங்காலம் டீக்கு உட்காரும்போது ஏலக்காட்டில் எல்லோரும் கேட்போம். தங்கள் பெயர் காட்டில் கேட்க வேண்டும் என்பதற்காகவே பிள்ளைகள் முட்டி மோதிக்கொண்டு நல்லது செய்தார்கள். செய்யட்டுமே, யாருக்கு என்ன குறைந்துவிட்டது?

ஆடி மழையில் ஓடைக்குக் குறுக்கே கிடந்த பலகையை வெள்ளம் அடித்துப் போனது. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் தாண்டி வருகிற ஓடை அது. பலகை போட்டாச்சு என்று ஆபீஸில் சொன்னார்கள், நாங்களும் நம்பினோம். அன்று டீ நேரத்தில் ஆன்மேரியின் குரல் வந்தது.

"ஜிதின் அண்ணன் என்னைய முதுகுல தூக்கி ஓடையத் தாண்டி விட்டான். பலகை இல்ல. அவன் செருப்பு தண்ணியில போயிருச்சு. அவன் அழவே இல்ல."

கூடையைப் போட்டுவிட்டுக் கீழே ஓடினேன். பின்னாலேயே அத்தனை பேரும் வந்தார்கள். பலகை போடாமல் காட்டில் கால் வைக்க மாட்டோம் என்று மறுநாள் காலையில் உட்கார்ந்துவிட்டோம். வெயில் ஏறுவதற்குள் பலகை வந்தது. போட்டாச்சு என்றவர்களுக்கு அதுவரை பலகைக்கு மரமே கிடைக்கவில்லையாம்!

அந்தக் குரல் எப்படியோ முதலாளி காது வரைக்கும் போய்விட்டது. மேனேஜர் ஜோஸ் எல்லோர் முன்னாலும் புஷ்பமேரியைக் கூப்பிட்டார். அதை அழிக்க வேண்டும், பலகை போட்டதற்குக் கம்பெனிக்கு நன்றி சொல்லிப் பிள்ளைகளைப் பேச வைக்க வேண்டும், இல்லாவிட்டால் நாளை முதல் களை எடுக்கப் போகலாம் என்றார். முட்டுவலிக்காரி அவள். மலையேறிக் களை எடுப்பது அவளால் ஆகிற காரியமில்லை என்பது அவருக்கும் தெரியும்.

"பிள்ளைங்க பாத்ததத்தான் சொல்லும் சார்," என்றாள் புஷ்பமேரி. "நீங்க நல்லது செய்யுங்க. கண்ணுல பட்டா அதுங்களே சொல்லும். நான் சொல்லிக்குடுக்க மாட்டேன்."

மறுநாள் அரிவாளோடு எங்களோடு மலை ஏறினாள், இரண்டு இடத்தில் உட்கார்ந்து உட்கார்ந்து. போனை மட்டும் பிள்ளைகளிடமே விட்டு வந்திருந்தாள். டீ நேரத்தில் குழுவுக்கு வந்த ஆன்மேரியின் குரலை என் போனில் போட்டேன்.

"இன்னைக்கு நல்லது செஞ்சது ஆயாம்மா. நாங்க பேசுனத அவுங்க அழிக்கல. அதுக்குத்தான் களை எடுக்க அனுப்பிட்டாங்க."

எனக்கு அழுகை வந்துவிட்டது. அதை மறுபடி போட்டுக் கேட்டுக்கொண்டிருக்கும்போதே மேனேஜரின் ஜீப் மேலே வந்து நின்றது. பயத்தில் சத்தத்தைக் குறைக்கப் போனேன். புஷ்பமேரி என் கையைத் தட்டிவிட்டாள்.

"கூட்டி வை," என்றாள். "அவருக்கும் கேக்கட்டும்."

கூட்டி வைத்தேன்.