மெனேகாவின் அலறல்

பிரெந்தா ஆற்றங்கரையில் மெனேகாவைப் போலத் துணி வெளுப்பவளும் இல்லை, அவளைப் போல வாயடிப்பவளும் இல்லை. இக்கரையில் நின்று புருஷன் பெப்போவை அவள் திட்டினால், அக்கரை மாவு ஆலைக்காரன் பதறிப்போய் என்னவென்று கேட்பான். அந்தத் தொண்டையைக் கேட்டுத்தான் ஓவியர் அஞ்சோலோ அவளைத் தேடி வந்தார். ஊர்க் கோயிலுக்காக நோவா காலத்துப் பெருவெள்ளத்தை எண்ணெய் வண்ணத்தில் வரைந்துகொண்டிருந்தார். நோவாவின் கப்பலான பேழை முடிந்தாயிற்று. மூழ்கிச் சாகும் பாவிகளுக்குத்தான் ஆள் பற்றவில்லை.

"சாப்பாடு போடுவீங்கன்னா முங்குறேன் ஐயா," என்றாள் மெனேகா.

காலையில் நகராதிபதி வீட்டுப் படுக்கை விரிப்புகளைத் துவைத்து, ஓவியர் வீட்டு முற்றத்துப் புல்லில் காயப்போட்டுவிட்டு உள்ளே போனாள். திராட்சை மிதிக்கும் தொட்டியில் இடுப்பளவு தண்ணீர் ஊற்றி, அதில் அவளை நிறுத்தி, மூழ்குபவள் பற்றிக்கொள்வதுபோலக் கையில் ஓர் ஏணியைக் கொடுத்தார் அஞ்சோலோ.

"வாயைப் பெருசாத் தொற. சத்தம் மட்டும் வரக் கூடாது."

"சத்தம் வராம வாயைத் தொறந்து எனக்குப் பழக்கமில்லையே!" என்று அவள் சிரிக்க, தொட்டித் தண்ணீரும் சேர்ந்து குலுங்கியது.

"உலகமே அழியுது. நீ கல்யாண வீட்டுக்கு வந்தவ மாதிரி இளிக்கிறே!"

மூன்று நாள் இதே கதை. நான்காம் நாள், பேழை விலங்குகளைப் பார்த்து வரைவதற்காக வாங்கிக் கட்டியிருந்த ஆடுகள் இரண்டும் கயிற்றை அறுத்துக்கொண்டன. தொட்டியில் நின்றபடியே ஜன்னல் வழியாகப் பார்த்தாள் மெனேகா. நகராதிபதி மனைவியின் விரிப்பில் ஓர் ஆடு நின்றிருந்தது. இன்னொன்று அதன் ஓரத்துச் சரிகையை மென்றுகொண்டிருந்தது. மெனேகாவின் கண் பிதுங்கியது, வாய் பிளந்தது. வாழ்நாளில் முதல்முறையாகத் தொண்டையிலிருந்து ஒரு சத்தமும் எழவில்லை.

"அசையாதே!" என்று கத்திக்கொண்டே தூரிகையை ஓட்டினார் அஞ்சோலோ.

படத்தைக் கோயிலில் மாட்டிய ஞாயிற்றுக்கிழமை ருஜேரோ சாமியார் அதை வைத்தே பிரசங்கம் செய்தார். "பாருங்கள் இந்தப் பெண்ணின் முகத்தை! செய்த பாவமெல்லாம் கண்முன் வந்து நிற்கும் திகிலைப் பாருங்கள்!"

சபை மொத்தமும் படத்தைப் பார்த்தது. பிறகு திரும்பி மெனேகாவைப் பார்த்தது. அந்த இரகசியப் பாவம் என்னவென்று பெப்போவே வாயைப் பிளந்தான். அதுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை. சட்டென்று எழுந்தாள்.

"சாமி, அது பாவமில்ல. ஆடு சரிகையைத் தின்னுச்சு!"

முதலில் சிரித்தவன் மாவு ஆலைக்காரன். அப்புறம் யாராலும் அடக்க முடியவில்லை. பிரசங்கம் பாதியில் நின்றது. விஷயம் அன்றுதான் தெரிந்த நகராதிபதி மனைவி விருட்டென்று எழுந்து வெளியே போனாள். அந்த வீட்டு வேலை போயிற்று. ஒரு வாரம் மெனேகா வழக்கத்துக்கு மாறாக மெதுவாகவே பேசினாள்.

எட்டாம் நாள் சாமியாரே தம் அழுக்கு அங்கியைச் சுருட்டி எடுத்துக்கொண்டு ஆற்றங்கரைக்கு வந்தார். திட்டப்போகிறார் என்று மெனேகா தலை குனிந்துகொண்டாள்.

"ஆண்டவர் வீட்டுல அப்படிச் சிரிக்க வச்சது தப்புதான்," என்றார். "ஆனா இருபது வருஷத்துல அன்னைக்குத்தான் என் பிரசங்கத்துல ஒருத்தனும் தூங்கல."

மெனேகா அங்கியை வாங்கி விரித்துப் பார்த்தாள்.

"திராட்சரசக் கறையா இருக்கே சாமி?"

"பூசையில சிந்தினது."

"முதுகுலயா?"

சாமியார் ஆற்றைப் பார்த்தபடி, "கொஞ்சம் மெதுவாப் பேசேம்மா," என்றார்.