பெயர் போட விரும்பாதவர்கள்

அந்த ஒலிநாடா இயந்திரத்தைக் காலால் மிதித்து இயக்க வேண்டும். மிதித்தால் குரல் ஓடும். காலை எடுத்தால் நிற்கும். தொண்ணூறுகளின் நடுவில், ரொறன்ரோவில் ஒரு பல்கலைக்கழகத்தின் நிலக்கீழ் அறையில் இருந்து, நான் நாள் முழுக்கக் கேட்டது பல்கேரியாவைப் பற்றி. நான் வேலை செய்த பேராசிரியை அங்கே பிறந்தவர். கம்யூனிச ஆட்சி விழுந்தபின் அந்த நாட்டில் ஜனநாயகம் எவ்வளவு தேறியிருக்கிறது என்று மதிப்பிட்டுப் புள்ளி போடுவதே அவருடைய ஆய்வு. கோடையில் போய் ஆசிரியர்கள், பஸ் சாரதிகள், ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவர் என்று பலரோடு பேசுவார். அவர்கள் சொன்னதை ஆங்கிலத்தில் பதிந்துகொண்டு வருவார். நான் தட்டச்சு செய்வேன்.

ஒவ்வொரு பதிவும் ஒருவருடைய பெயரோடும் ஊரோடும் தொடங்கும். என்னால் அதை அடிக்க முடியவில்லை. யாழ்ப்பாணத்தில் ஏதோ ஒரு பட்டியலில் பெயர் இருந்ததால்தான் என் தம்பியை வீட்டுக்கு வந்து கூட்டிப்போனார்கள். அவன் திரும்பவில்லை. யாரிடமும் கேட்காமல், எல்லாருக்கும் வேறு பெயர் வைத்தேன்.

அறிக்கை அச்சுக்குப் போகும் நேரத்தில் பேராசிரியை கண்டுபிடித்துவிட்டார். வேலை போய்விட்டது என்றே நினைத்தேன். கணவருக்கு அப்போது வேலையில்லை. மகளுக்கு நாலு வயது. பேராசிரியை கதவைச் சாத்திவிட்டு, ஏன் என்று மட்டும் கேட்டார். தம்பியைப் பற்றிச் சொன்னேன். பிறகு, "பெயரைப் போடலாமா என்று நான்தான் அவர்களைக் கேட்டிருக்க வேண்டும்" என்றார்.

அடுத்த நாள் காலையிலிருந்து ஒவ்வொருவராகத் தொலைபேசியில் கூப்பிட்டார். என்னைப் பக்கத்தில் இருத்திக்கொண்டார். பெயரைப் போட இனி என்ன பயம் என்று பலர் சிரித்தார்களாம். ஒரு பள்ளி ஆசிரியை தன் பெயரை எழுத்தெழுத்தாகச் சொல்லி, திரும்ப வாசித்துக் காட்டச் சொன்னார். சுதந்திரமான தேர்தலை வானளாவப் புகழ்ந்திருந்த நீதிபதியோ தன் பெயரை எடுத்துவிடச் சொன்னார். மகன் அரசாங்க வேலையில் இருக்கிறானாம்.

பேச்சுச் சுதந்திரத்துக்குத் தான் போட்டிருந்த புள்ளியைப் பேராசிரியை அன்றே வெட்டினார். தன் தவறையும் அறிக்கையிலேயே எழுதினார். தட்டச்சுக்காரியின் பயத்தைக் கேட்டா ஒரு நாட்டுக்குப் புள்ளி குறைப்பது என்று சக பேராசிரியர் ஒருவர் நக்கலடித்தார். "வாக்குப்பெட்டியை நான் பார்த்தேன். வாக்குப் போட்டவனின் வீட்டுக்குள் இருக்கும் பயத்தை அவள் பார்த்திருக்கிறாள்" என்றார் பேராசிரியை. பிறந்த நாட்டுக்கு நல்ல புள்ளி கொடுக்க அவருக்கு எவ்வளவு ஆசை என்பது எனக்குத் தெரியும். படித்தவர்கள் எத்தனையோ பேரைப் பார்த்துவிட்டேன்; அப்படி வெட்டிய கையை வேறெங்கும் கண்டதில்லை.

நன்றிப் பக்கத்தில் என் பெயரைப் போடலாமா என்று என்னையும் கேட்டார். வேண்டாம் என்றேன். 'பெயர் போட விரும்பாத ஒருவருக்கு' என்று அச்சிட்டார்.

போன மாதம் என் மகள் எங்கள் நகரசபை உறுப்பினரைக் கண்டித்துப் பத்திரிகைக்குக் கடிதம் எழுதியிருந்தாள். கீழே முழுப்பெயர். பத்திரிகையை மடித்து வைத்துவிட்டு அவளைக் கூப்பிட்டேன்.

"ஏன் பிள்ளை முழுப்பேரையும் போட்டனி?"

"லெட்டர் எண்டா பேர் போடத்தானே வேணும், அம்மா?"

பேராசிரியையின் பழைய அறிக்கையை எடுத்துக் கொடுத்தேன். புரட்டிப் பார்த்துவிட்டு, "உங்கட பேர் எங்க?" என்றாள். அந்த வரியைக் காட்டினேன். அவள் சிரிக்கவில்லை.

"நீங்கள் அப்ப கனடாவிலதானே இருந்தனீங்கள்?"

"ஓம்" என்றேன்.

இந்தக் குறிப்பின் கீழே என் பெயரைப் போடும்படி இதழ் ஆசிரியரிடம் சொல்லியிருக்கிறேன். வேண்டாம் என்று சொல்ல இரண்டு தரம் தொலைபேசி எடுத்தேன். இரண்டு தரமும் குளிரைப் பற்றிக் கதைத்துவிட்டு வைத்துவிட்டேன்.