ஏ மைனர்

மைக்கின் உருண்டை வலைக்கு ஒரு வாடை உண்டு. எத்தனையோ வாய்களின் எச்சில், பியர், பூண்டு போட்டு வறுத்த வேர்க்கடலை எல்லாம் சேர்ந்து காய்ந்த வாடை. எங்கள் பாடகர் அதை என் முகத்துக்கு நேராக நீட்டி ஒத்துப்பாடச் சொல்லும்போதெல்லாம் மூச்சை அடக்கிக்கொண்டுதான் பாடுவேன். வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக முகம் கழுவுவேன். நாங்கள் வாசிக்கும் பப்பின் தரை செருப்பைப் பிடித்து இழுக்கும். மேடைக்குப் பின்னாலிருந்த கழிவறைக் கதவு மூன்று வருடமாகச் சரியாக மூடவில்லை. இதையெல்லாம் நான் வாரம் தவறாமல் கணவரிடம் குறை சொல்லியிருக்கிறேன். எதற்குக் குமட்டியிருக்க வேண்டுமோ அதற்கு மட்டும் எனக்குக் குமட்டவே இல்லை.

எனக்கு நாற்பத்தேழு வயது. எலெக்ட்ரானிக் சிட்டியில் மென்பொருள் சோதிக்கும் வேலை. ஆபீஸ் ஆண்டுவிழா ஒன்றுக்காக நாலு பேர் சேர்ந்தோம், பிறகு பிரியவில்லை. பாடகர் என் பழைய சக ஊழியர். கன்னடக்காரர், தமிழ் தண்ணீர்பட்ட பாடு. டிரம்ஸ் வாசிப்பவர் ஆஸ்டின் டவுனில் பிறந்து வளர்ந்தவர், பொம்மசந்திராவில் ஒரு தொழிற்சாலையில் ஷிப்ட் சூப்பர்வைசர். லீட் கிட்டார்காரர் வாயே திறக்கமாட்டார், சிரிக்க மட்டும் செய்வார். நான் பேஸ் கிட்டார். எங்களுக்கென்று சொந்தப் பாட்டு ஒன்றுகூடக் கிடையாது. ஊர் கேட்ட பாட்டுகளைத் திரும்ப வாசிப்போம்: இந்தி, கன்னடம், ஆங்கிலம், யாராவது கேட்டால் தமிழ். ஞாயிற்றுக்கிழமை மதியம் ஒன்றிலிருந்து நாலு வரை, குடும்பங்கள் சாப்பிட வரும் நேரம்.

ஆரம்பத்தில் அவர்கள் மேடையில் தமிழில்தான் பேசிக்கொள்வார்கள். எந்த மேஜையில் எந்தப் பெண் உட்கார்ந்திருக்கிறாள், எப்படி இருக்கிறாள் என்று. டிரம்ஸ் மேடையில் கொஞ்சம் உயரத்தில் இருக்கும், அங்கிருந்து எல்லா மேஜையும் தெரியும். யாருக்கும் புரியாது என்ற நினைப்பு. பெங்களூரில் தமிழ் புரியாதாம்! ஒரு நாள் தட்டு எடுக்க வந்த ஓசூர்க்கார வெயிட்டர் நின்று நிமிர்ந்து எங்களைப் பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்தார். எனக்குக் காது சுட்டது.

அன்றைக்கு நான் அவர்களை நிறுத்தச் சொல்லியிருக்கலாம். சொன்னது வேறு.

"எல்லாருக்கும் புரியுதுப்பா. சொல்றதுன்னா கொஞ்சம் டீசன்ட்டா சொல்லுங்க. கீ பேர்ல சொல்லுங்களேன். வயசானவங்கன்னா மேஜர், சின்னப் பொண்ணுன்னா ஏ மைனர்."

ஏ மைனர் என்பது ஒரு சுருதியின் பெயர். கொஞ்சம் துக்கமான பாட்டுகள் அதில் நன்றாக வரும். மேடையில் அதைச் சத்தமாகச் சொன்னால் யாருக்கும் சந்தேகம் வராது. பாடகர் கையைத் தட்டிச் சிரித்தார். "மேடம், நீங்க ஜீனியஸ்!" எனக்கு உள்ளுக்குள் குளிர்ந்தது. மூன்று ஆண்களுக்கு நடுவே நானும் அவர்களில் ஒருத்தி ஆகிவிட்டேன் என்று அன்றுதான் தோன்றியது. கெட்ட வார்த்தையைத் துடைத்துவிட்டேன், அதனால் விஷயமும் சுத்தமாகிவிட்டது என்று படித்த ஒரு பெண் நம்பினாள். ஆபீசில் நான் செய்வதும் இதுதான்: பிழையைத் திருத்தமுடியாவிட்டால் பேரை மாற்றி அடுத்த மாதத்துக்குத் தள்ளிவிடுவோம்.

நாளாக ஆக அது ஒரு முறையாகவே அமைந்துவிட்டது. டிரம்ஸ்காரர் பின்னாலிருந்து மேஜை எண்ணை மட்டும் சொல்வார். பாடகர் மைக்கில் "நெக்ஸ்ட், ஏ மைனர், கைஸ்!" என்பார். பாட்டின் உண்மையான சுருதியை முதுகுக்குப் பின்னால் விரலால் காட்டுவார், ஆகவே வாயால் சொன்னால் அது அந்தச் சமாச்சாரம்தான். என் பங்கு ஒன்று இருந்தது. தடித்த கம்பியில் விரலை மேலிருந்து கீழே இழுப்பேன். டூஊம் என்று ஒரு வழுக்கல். சபையில் அது சும்மா ஒரு அலங்காரம் என்று நினைத்துச் சிலர் விசிலடிப்பார்கள். நாங்கள் நாலு பேரும் சிரிப்போம். நானும்தான்.

இதே நான் வீட்டில் எப்படி என்று சொல்லவேண்டும். என் மகளுக்குப் பதினெட்டு வயது, கல்லூரி முதல் வருடம். அவள் போன் எங்கே இருக்கிறது என்று என் போனில் ஒரு நீலப் புள்ளி காட்டும். மீட்டிங் நடுவிலும் அந்தப் புள்ளியைப் பார்ப்பேன். சில்க் போர்டு சந்திப்பு நெரிசலில் அது அரைமணி நேரம் அசையாமல் நின்றால் எனக்கு உள்ளங்கை வியர்க்கும். ஆட்டோவில் ஏறினால் வண்டி எண்ணை அனுப்பு, இருட்டுவதற்குள் வா, அந்தத் தெருப் பக்கம் போகாதே. "பப்புக்கு மட்டும் வராதே, அங்க ஆளுங்க சரியில்ல" என்று அவளிடம் பலமுறை சொல்லியிருக்கிறேன்.

"நீ போற இடம் எப்படிமா சரியில்லாத இடமாகும்?" என்பாள்.

சரியில்லாத ஆட்கள் மேஜைகளில் இருப்பதாகத்தான் நானும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அந்த ஞாயிறு, இடைவேளைக்கு முந்தைய கடைசிப் பாட்டு மட்டும் பாக்கி. குனிந்து கம்பியின் முறுக்கைச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். பின்னாலிருந்து டிரம்ஸ்காரர், "அக்கா, நாலு" என்றார். பாடகர் மைக்கில், "நெக்ஸ்ட், ஏ மைனர், கைஸ்! டேபிள் ஃபோர் ஸ்பெஷல்!" என்றார். என் விரல் தானாகவே இறங்கியது. டூஊம். லீட் கிட்டார்காரர் சிரித்தார். நானும் சிரித்துக்கொண்டே தலையைத் தூக்கிப் பார்த்தேன்.

நாலாவது மேஜையில் என் மகள் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் அவள் கல்லூரித் தோழி போனைத் தூக்கிப் படம் பிடித்துக்கொண்டிருந்தாள். என் மகள் இரண்டு கையையும் உயர்த்தி ஆட்டினாள். முகமெல்லாம் சந்தோஷம். தன்னைப் பார்த்துவிட்டு அம்மா தனக்காக ஒரு சலாம் வாசித்திருக்கிறாள் என்று நினைத்துவிட்டாள்.

பாட்டு தொடங்கிவிட்டது. விரல்கள் வாசித்தன, அவற்றுக்கு நான் தேவைப்படவில்லை. வாசிப்பை நிறுத்திவிட்டு இறங்கியிருக்கலாமே என்று இப்போது கேட்டுக்கொள்கிறேன். இறங்கவில்லை. நாலு நிமிடப் பாட்டை முழுதாக வாசித்தேன். நடுவில் பாடகர் வழக்கம்போல மேடையிலிருந்து இறங்கி நாலாவது மேஜைக்குப் போய், மைக்கை அவள் வாய்க்கு நேராக நீட்டினார். அவள் வெட்கப்பட்டுக்கொண்டு இரண்டு வரி பாடினாள். அந்த வாடை அவள் மூக்கில் ஏறியிருக்கும். பாடகர் திரும்பி நடந்து வரும்போது டிரம்ஸ்காரரைப் பார்த்து ஒரு கண்ணடித்தார். அதையும் பார்த்தேன்.

இடைவேளையில் அவள் மேடைக்கு ஓடிவந்து என்னைக் கட்டிக்கொண்டாள்.

"மா! சர்ப்ரைஸ்! எப்படி இருந்துச்சு?"

அந்த நிமிடத்தில் என்னை எல்லாவற்றையும்விட அருவருக்க வைத்தது பாடகரின் முகம். கண் சிமிட்டும் நேரத்தில் அது ஒரு மாமாவின் முகமாகிவிட்டது. "அய்யய்யோ, மகளா! சொல்லவே இல்லையே மேடம்! என்னம்மா படிக்கற? என்ன சாப்பிடற? எப்ப வேணா ஃபிரெண்ட்ஸ கூட்டிட்டு வாம்மா, முன்னாடி டேபிள் அங்கிள் பாத்துக்கறேன்." டிரம்ஸ்காரர் குனிந்து ஒரு ஸ்டாண்டின் திருகை இறுக்கிக்கொண்டே இருந்தார். ஏற்கெனவே இறுகியிருந்த திருகு அது.

நாலு மணிக்கு எல்லாவற்றையும் கட்டிக்கொண்டு வாகனம் நிறுத்துமிடத்துக்கு வந்தோம். மகளைத் தோழியுடன் முன்னால் அனுப்பிவிட்டேன்.

"சாரி மேடம்" என்றார் பாடகர். "உங்க பொண்ணுன்னு தெரியாது."

"தெரிஞ்சிருந்தா?"

"தெரிஞ்சா சொல்லுவோமா?"

"அப்ப அஞ்சாவது டேபிள சொல்லியிருப்பீங்க."

"அய்யோ, சும்னே, சும்மா தமாஷு மேடம். யாரையாவது தொட்டோமா? ஒரு கெட்ட வார்த்தை பேசினோமா?"

டிரம்ஸ்காரர் பெட்டியைக் கீழே வைத்தார். "தப்பா எட்த்துக்காதக்கா. இன்னா இருந்தாலும் பேரு வெச்சது நீதானே?"

அவர் நக்கலாகச் சொல்லவில்லை, உண்மையை ஞாபகப்படுத்தினார்.

அன்று சாயங்காலம் மகள் கிட்டாரை மடியில் வைத்துக்கொண்டு என்னிடம் வந்தாள். அவளுக்கு நான்தான் சொல்லிக்கொடுத்தேன். காது கூர்மை.

"மா, ஒரு டவுட்டு. அந்தப் பாட்டு ஜி மேஜர்ல தானே வாசிச்சீங்க? அங்கிள் ஏன் ஏ மைனர்னு சொன்னாரு?"

"ஏதோ உளறிட்டாரு."

"நீங்கல்லாம் சிரிச்சீங்களே."

"அது பழைய ஜோக்."

"என்ன ஜோக்?"

"உனக்குப் புரியாது, விடு."

அவள் விட்டாள். நான் சொன்னால் விடுகிற பெண்.

மறுநாளே குழுவிலிருந்து விலகிவிட்டேன். மணிக்கட்டில் வலி என்று ஒரு செய்தி. பாடகரிடமிருந்து ஒரு கட்டைவிரல் படம் வந்தது, அவ்வளவுதான். கணவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் எழுந்து அறைக்கதவைச் சாத்தினார். அப்புறம், "வெளிய வந்துட்ட இல்ல? அவகிட்ட எதுக்கு அதைச் சொல்லிக்கிட்டு? உன்மேல வச்சிருக்கற மரியாதை போயிடும்" என்றார். எனக்கும் அதுதான் வேண்டியிருந்தது. வலிக்காத மணிக்கட்டில் ஒரு பட்டையைச் சுற்றிக்கொண்டு மூன்று நாள் நடமாடினேன்.

வெள்ளிக்கிழமை காலை அவள் பல் தேய்த்துக்கொண்டே சொன்னாள்: "மா, அந்த வீடியோவ கிளாஸ்ல எல்லாரும் பாத்துட்டாங்க. நீ எனக்காக டூம்னு வாசிச்சது செம ஹிட்டு. உனக்குக் கை வலின்னா பரவால்ல, நாங்க அஞ்சு பேரு இந்த சண்டே போறோம். அங்கிள்தான் டேபிள் போட்டுத் தரேன்னாரே."

ஐந்து பெண்கள், முன் மேஜை. அங்கே போகாதே என்றால் ஏன் என்று கேட்பாள். இன்னொரு பொய் சொன்னால் இவள் ஒருத்தி நிற்பாள், மற்ற நாலு பேர் போவார்கள்.

சனிக்கிழமை அவளை டவுனில் ஒரு வகுப்புக்குக் காரில் கூட்டிப்போனேன். மேம்பாலச் சாலையில் ஏறியபிறகுதான் பேச்சை எடுத்தேன். அதில் வண்டியை நிறுத்த முடியாது, இறங்கவும் முடியாது. ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவும் வேண்டியதில்லை. அதற்காகவே அந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தேன், அது கோழைத்தனம் என்று தெரிந்தே. எல்லாவற்றையும் சொன்னேன். மேஜை எண், மைக்கில் சொல்வது, என் வழுக்கல். பேர் வைத்தது யார் என்பதை முழுங்கிவிடலாம் என்று ஒரு நொடி தோன்றியது. அதையும் சொன்னேன்.

கீழே தொழிற்சாலைக் கூரைகளும் பெயர்ப்பலகைகளும் போய்க்கொண்டே இருந்தன. அவள் ஜன்னல் பக்கம் திரும்பியிருந்தாள்.

"அப்ப அந்த டூம், நான்னு தெரியாமலா வாசிச்ச?"

"ஆமா."

"வேற யாரோன்னு நெனச்சு."

"ஆமா."

"இப்படி எத்தன பேருக்கு வாசிச்சிருக்க?"

"தெரியலடா."

"தெரியாத அளவுக்கா?"

இதை எழுதும்போதும் அந்தக் கேள்வி வந்ததும் எழுந்துபோய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன்.

பாலம் இறங்குகிற இடத்தில் அவள் மறுபடி பேசினாள். குரலில் கோபம் இல்லை, கணக்குப் பாடத்தில் ஒரு படியைச் சரிபார்ப்பதுபோல் இருந்தது.

"நான் உள்ள வந்தப்ப, என் ஃபிரெண்ட் பயந்தா. பார் பக்கம் ஒரே ஆம்பளைங்களா இருக்காங்க, போலாம்னா. நான்தான் ஸ்டேஜ்ல பாரு, எங்கம்மா இருக்காங்க, சேஃப்தான்னேன். மத்தவங்களும் அப்படித்தான் உக்காந்திருப்பாங்க இல்ல? ஒரு லேடி இருக்காங்களேன்னு பாத்து."

சிக்னலில் சிவப்பு. அவள் போனை எடுத்து எழுத ஆரம்பித்தாள்.

"என்ன எழுதற?"

"குரூப்ல. நாளைக்கு யாரும் போக வேணாம்னு."

"சரி."

"ஏன்னு கேப்பாங்க. அந்த அங்கிளுங்க பண்ணதை மட்டும் எழுதினா பொய்யாயிடும்." என் பக்கம் திரும்பினாள். "நீ பண்ணதையும் எழுதறேன். பரவால்லயா?"

அந்த நாலு பெண்களும் எங்கள் வீட்டுக்கு வந்து நான் சுட்ட தோசை சாப்பிட்டவர்கள். என்னை ஆன்ட்டி என்பார்கள், கூல் ஆன்ட்டி என்பார்கள். அவர்களின் அம்மாக்களை எனக்குத் தெரியும்.

"எழுது" என்றேன்.

பச்சை விழுந்தது. பின்னால் ஹாரன் அடித்தார்கள். நான் வண்டியை எடுத்தபோது அவள் இன்னும் எழுதிக்கொண்டிருந்தாள்.