அக்கா தூங்கிய பதினாறு நாள்

உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம். அக்கா நம்மை விட்டுப் பிரிந்து இன்றோடு பதினாறு நாள். "சின்னம்மா, அம்மாவப் பத்தி நாலு வரி எழுதிக் குடுங்களேன்" என்று அக்கா பிள்ளைகள் கேட்டார்கள். நாலு வரியில் அடங்குகிற ஆளா அக்கா? ஒரு விஷயத்தை அவர் தம் பிள்ளைகளிடம்கூடச் சொன்னதில்லை. வெளியே சொல்லக்கூடாது என்று தம் தலையில் என் கையை வைத்துச் சத்தியம் வாங்கியிருந்தார். இனி அந்தத் தலைக்கு ஒன்றும் ஆகாது, சொல்லிவிடுகிறேன்.

அக்கா பிறந்தது தஞ்சாவூர்ப் பக்கம். கைக்குழந்தையாகக் கப்பலேறி மலாக்காவுக்கு வந்தார். நான் இங்கே பிறந்தவள். குருபோங்குக்கு அப்பால், காட்டை அழித்து ரப்பர் கன்று நட்டுக்கொண்டிருந்த ஒரு தோட்டத்தில் அப்பாவுக்கு வேலை. கூலிகளின் வரிசை வீடுகளான எங்கள் லயத்துக்கு மூன்று பக்கமும் காடு, நான்காவது பக்கம் கங்காணி வீடு. புலியையாவது தகரம் தட்டி விரட்டலாம்.

ரப்பர் விலை விழுந்த காலம் அது. வேலைக்கு ஆள் இல்லாத குடும்பங்களைக் கப்பலேற்றி ஊருக்கு அனுப்பிக்கொண்டிருந்தார்கள். அந்த நேரம் பார்த்து மரம் சாய்ந்து அப்பாவின் தொடை எலும்பு முறிந்தது. மலாக்கா ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனார்கள். அம்மாவுக்கோ விட்டுவிட்டுக் குளிர்காய்ச்சல்.

கங்காணி வாசலில் நின்று சொன்னார்: "தெனமும் பெரட்டுல ஒங்க வீட்டு ஆளு ஒண்ணு நிக்கணும். இல்லாட்டி பேர வெட்டிருவாங்க. அப்புறம் அடுத்த கப்பல்தான்."

விடியுமுன் பெயர் கூப்பிட்டு வேலைக்கு ஆள் எடுப்பதைத்தான் பெரட்டு என்போம். நாங்கள் கப்பலேறினால் அப்பா இங்கே அநாதையாகக் கிடப்பார். பதின்மூன்று வயது அக்கா, அப்பாவின் துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு பெரட்டில் போய் நின்றார். புதுக்காட்டில் லாலான் புல்லை வேரோடு தோண்டும் வேலை கொடுத்தார்கள்.

இரண்டு மாதம் போயிருக்கும். ஒரு நாள் சாயங்காலம் ஓடையில் அக்கா பாவாடையை அலசிக்கொண்டிருந்தார். தண்ணீரில் ரத்தம். "அட்டை கடிச்சிருச்சு" என்றார். அட்டை கடித்து அக்கா அழுது நான் பார்த்ததில்லை. அன்று அழுதார். எட்டு வயதானாலும் எனக்கு விளங்கிவிட்டது. வயசுக்கு வந்த பெண்ணைப் பதினாறு நாள் பச்சை ஓலைக் குடிசையில் தனியே உட்கார வைப்பது நம் வழக்கம். லயத்துக்குத் தெரிந்தால் உட்கார வைத்தே ஆகவேண்டும். பதினாறு நாள் பெரட்டுக்குப் போகாவிட்டால் பெயர் போய்விடும்.

"அம்மாகிட்டகூட மூச்சு விடக்கூடாது. என் தலைமேல சத்தியம் பண்ணு" என்றார். பண்ணினேன்.

அதன் பிறகு எனக்கே மூச்சு முட்டியது. காட்டுக்குள் போய்க் கத்தலாம் என்றால் பயம், லயத்தில் வாயைத் திறந்தால் ஆபத்து.

ஆடித் திருவிழா வந்தது. அப்பாவின் கால் கூடவேண்டும் என்று, மூத்த மகள் பால்குடம் எடுப்பதாக அம்மா நேர்ந்திருந்தார். அன்று பார்த்து அக்காவுக்கு வீட்டுக்குத் தூரம். கோயிலுக்கு வரமாட்டேன் என்று மூலையில் உட்கார்ந்துவிட்டார். காரணம் சொல்லவில்லை.

"அப்பன் பொழைக்கணும்னு ஒனக்கு இல்லியாடி?" என்று அம்மா விளக்குமாற்றால் விளாசினார்.

பொறுக்க முடியவில்லை. "அடிக்காதம்மா! அக்கா எப்பவோ வயசுக்கு வந்துருச்சு!" என்று கத்திவிட்டேன்.

அம்மா பாய்ந்து என் வாயைப் பொத்தினார். லயத்துச் சுவர்கள் கூரை வரை போகாது. ஓர் அறையில் தும்மினால் அடுத்த அறையில் கேட்கும். பக்கத்து அறையில் அஞ்சலை அத்தை மிளகாய் இடித்துக்கொண்டிருந்தார். கங்காணியின் தம்பி மனைவி, ஊர் வம்பெல்லாம் அவர் வாயில்தான். உலக்கைச் சத்தம் நின்றது. பிறகு முன்னைவிடப் பலமாகக் கேட்கத் தொடங்கியது. சத்தியம் மீறியதால் அக்கா செத்துப்போவார் என்று நான் அழுதேன். கங்காணி வருவார் என்று அம்மாவும் அக்காவும் வாசலையே பார்த்திருந்தார்கள்.

மறுநாள் விடியுமுன் அக்காவை எழுப்பியது அம்மாதான். தன் கையாலேயே துண்டைக் கட்டிவிட்டு, "போ" என்றார். அன்று அம்மாவை நான் வெறுத்தேன். வேறு என்னதான் செய்திருப்பார் என்று புரிய, நானே பிள்ளை பெற வேண்டியிருந்தது.

கங்காணி வரவில்லை. வந்தது அஞ்சலை அத்தைதான். "கோழி நெறையா வைக்குது, வீணாப் போவுது" என்று வாரம் தவறாமல் முட்டை கொண்டுவந்தார். அம்மா ஒளித்து உளுந்தங்களி கிண்டினார். வாசனை காட்டிக்கொடுத்தபோது, "எனக்குத்தான், இடுப்பு வலி" என்றார். "ஆமா, நல்லாச் சாப்பிடு" என்று அத்தை போய்விட்டார்.

பத்து மாதம் கழித்து அப்பா கோலூன்றி வந்து சேர்ந்தார். நாற்றங்காலில் காவல் வேலை கொடுத்தார்கள். மறுவாரமே, மகள் வயசுக்கு வந்துவிட்டதாக அம்மா லயத்தில் சொன்னார். எங்களுக்கு இங்கே தாய்மாமன் இல்லை. அத்தையின் கணவரே ஓலை வெட்டிக் குடிசை கட்டினார். முதல் மஞ்சள் தண்ணீரை ஊற்றிய அத்தை, அக்காவின் காதருகே குனிந்து சொன்னது எனக்கும் கேட்டது:

"இனிமே ஒன்னை யாரும் பெரட்டுக்குக் கூப்பிட மாட்டாங்க. ஒரு வருசமா தூங்காத தூக்கமெல்லாம் தூங்கு கண்ணு."

சுற்றி நின்ற பெண்கள் யாரும் என்ன ஏது என்று கேட்கவில்லை. அத்தனை பேருக்கும் தெரிந்திருக்கிறது! அக்கா பதினாறு நாளும் தூங்கினார்.

பின்னர் மணமாகி டவுனுக்கு வந்து, மூன்று பிள்ளைகளை ஆளாக்கினார். கடைசி நாட்களில், புக்கிட் பெருவாங்கில் மகள் வீட்டில், விடியுமுன் பதறி எழுவார். "பேர் கூப்பிட்டாங்களா?" என்பார். "பேர வெட்டமாட்டாங்கக்கா, தூங்கு" என்பேன். அப்படித்தான் ஒரு காலையில் தூங்கிப்போனார்.

அக்காவைத் தாங்கிய பிள்ளைகளுக்கும், மருத்துவமனைத் தாதியருக்கும், இறுதி ஊர்வலத்தில் வந்தவர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. இந்த நினைவு மலரை வாங்கிச் செல்பவர்களில் அந்த லயத்துப் பெண்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இருக்கிறீர்கள். உங்கள் வீட்டுப் பெண்களில் ஒருவர் வாய் திறந்திருந்தாலும் எங்கள் பெயரை வெட்டியிருப்பார்கள். ஒருவரும் திறக்கவில்லை. அவர்களுக்கு நன்றி சொல்ல அக்காவுக்கு வழியில்லாமல் போயிற்று. சொன்னால் ரகசியம் உடைந்துவிடும். அவருக்காக நான் சொல்கிறேன்.